இரண்டாயிரத்துக்கு அப்புறம்

நான் எழுதிய கணினி நிரல்களிலேயே உருப்படியானது எட்டே வரி. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை இங்கிலீஷ் வார்த்தையில் எழுதிக் கொடுக்கும். நாற்பத்தேழைக் கொடுத்தால் ஃபார்ட்டி செவன். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 1999இல் குடவாசலில் அதை ஹாஸ்கெல் என்ற மொழியில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர் என் தங்கையை என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் ஜோசப்ராஜ்.

திருச்சியில் எம்.சி.ஏ. படித்தபோது எல்லோரும் சி, சி ப்ளஸ் ப்ளஸ் என்று ஓடினார்கள். வேலை அதில்தான் இருந்தது. ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு வந்த ஒரு வாத்தியார் மட்டும் வாரம் ஒருநாள் ஹாஸ்கெல் நடத்துவார். பதினொரு பேர் உட்கார்ந்தோம். பரீட்சையில் வராது என்று தெரிந்ததும் நாலு பேர் ஆனோம். மற்ற மொழிகளில் கணினியை வேலைக்காரனைப் போல ஏவ வேண்டும்: இதை எடு, அதில் வை, பத்துத் தடவை சுற்று. ஹாஸ்கெல்லில் ஏவல் கிடையாது. எது எதுவென்று சொன்னால் போதும். இருபதுக்குக் குறைந்த எண்ணின் பெயர், பட்டியலில் இருக்கும் பெயர். நூற்றுக்குக் குறைந்த எண்ணின் பெயர், பத்தின் பெயரும் மீதியின் பெயரும் சேர்ந்தது. பூஜ்யத்தின் பெயர், ஒன்றுமில்லை. மீதியின் பெயரைக் கண்டுபிடிக்க அந்தச் சார்பு, அதாவது ஃபங்ஷன், மறுபடி தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். முதல் தடவை அது வேலை செய்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்.

படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் உலகத்துக் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று வெள்ளைக்காரன் பயந்துகொண்டிருந்த காலம். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ இடத்தை மிச்சம் பிடிக்க வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதைத் தேடித் தேடி நாலு இலக்கமாக மாற்றுவது எங்கள் வேலை. அந்த யாரோவை நாங்கள் தினமும் திட்டுவோம். இரண்டாயிரம் வருவதற்குள் தான் ரிட்டயர் ஆகிவிடுவோம் என்று நினைத்திருப்பான், தடிமாடு, என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்க விசாவுக்கு என் காகிதங்கள் போயிருந்தன. பதில் வரும்வரை ஊரில் இரு என்று கம்பெனி அனுப்பிவிட்டது. ஊரில் நான் அதற்குள் அமெரிக்காக்காரன் ஆகியிருந்தேன். பெண் வைத்திருந்தவர்கள் அப்பாவிடம் குழைந்து குழைந்து பேசினார்கள். அந்தச் சமயத்தில்தான் செல்லதுரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

செல்லதுரை அதுவரை அரிசி ஆலை வைத்திருந்தவர். ஆற்றில் தண்ணீர் முறையாக வராமல் மூன்று வருடம் குறுவை படுத்துவிட, ஆலையை மூடி அதே கட்டடத்தில் மெட்ரிக் பள்ளி தொடங்கினார். நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு பிரேயருக்கு நின்றார்கள். நெல்லைவிட இங்கிலீஷ் நன்றாக விலை போனது.

“கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுட்டேன் தம்பி. பேரண்ட்ஸ் வந்தா பாக்குறதுக்குத்தான் இருக்கு. டி.சி. அடிக்கிற மாதிரியாச்சும் எதாவது பண்ணிக் குடு” என்றார்.

டி.சி. என்பது பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழ். அதில் பிறந்த தேதியை எண்ணிலும் எழுத வேண்டும், இங்கிலீஷ் வார்த்தையிலும் எழுத வேண்டும். ஆபீசில் வேலை பார்த்த தங்கம்மாளுக்கு அந்த வார்த்தைக் கட்டம்தான் எமன். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவர். யாரோ டீச்சர் எழுதிக் கொடுத்த காகிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுவார். ஒன்று பிசகினாலும் அச்சடித்த தாள் வீண், செல்லதுரை குதிப்பார். நான் நாலே நாளில் நிரலை எழுதிக் கொடுத்தேன். தேதியை எண்ணில் அடித்தால் போதும், வார்த்தை தானாக வந்து கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

“என் தலவலி போச்சு தம்பி. நீங்க நல்லாருப்பீங்க” என்று தங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

வருடத்துக்கு நான் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தேன். 1986ஐ நடுவில் வெட்டினால் 19, 86. இரண்டு பாதியையும் அந்த எட்டு வரிச் சார்பிடமே கொடுத்தால் நைன்ட்டீன் எய்ட்டி சிக்ஸ் என்று வந்துவிடும். பத்துப் பதினைந்து வருடங்களைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. கடைசியில் சும்மா 2003 என்று போட்டேன். 20, 03. ட்வென்ட்டி த்ரீ என்று வந்தது. இரண்டாயிரத்து மூன்று இருபத்துமூன்றாகிவிட்டது. 2000 என்று போட்டால் வெறும் ட்வென்ட்டி. பூஜ்யத்துக்குப் பெயர் இல்லை என்று சொன்னவன் நான்தானே.

அதைச் சரிசெய்ய இன்னொரு வரி வேண்டும். என்ன வரி என்றும் தெரியும். எழுதவில்லை. எட்டு வரி ஒன்பதாகி அழகு கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் உண்மையான காரணம். அப்போது அந்தப் பள்ளியில் படித்த கடைக்குட்டிப் பிள்ளையே 1996இல் பிறந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் பிறக்கப்போகிற பிள்ளை பள்ளிக்கு வந்து, டி.சி. வாங்கிக்கொண்டு போவதற்குள் நான் நியூஜெர்சியில் வீடு வாங்கியிருப்பேன். செல்லதுரை பள்ளி எக்கேடு கெட்டால் எனக்கென்ன. நிரலுக்கு மேலே குறிப்பாக ஒரு வரி மட்டும் எழுதி வைத்தேன்: இரண்டாயிரத்துக்கு அப்புறம் பிறந்தவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் அப்போது எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, போகிறவரைக்கும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

நான் போகவில்லை. 2001இல் அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகப் படுத்தன. என்னைக் கேட்டிருந்த கம்பெனியும் வேண்டாம் என்று ஒரு வரியில் கடிதம் அனுப்பிவிட்டது. சென்னைக் கம்பெனியும் கைகழுவியது. குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நெட் சென்டர் வைத்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், ஜெராக்ஸ், துபாய்க்குப் போன புருஷனுக்கு மெயில். ஊரே என் கடை வழியாக வெளிநாட்டுக்குப் போனது. நான் அவர்களுடைய காகிதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்கெல்லை மறந்தேன். அந்தக் குறிப்பையும் சுத்தமாக மறந்துபோனேன்.

அடுத்த வருடம் என் தங்கை அனிட்டாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சவரிராஜ் மஸ்கட்டில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு ஒருதடவை நாற்பது நாள் லீவில் வருவார். மகள் ஜெனிட்டா 2003 பிப்ரவரி ஐந்தாம் தேதி பிறந்தாள். அவர் அவளை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினொரு மாதம். ஆறு வயது முடிவதற்குள் அவள் அப்பாவோடு இருந்தது மூன்று லீவு. மூன்றாவது லீவில்தான் பயப்படாமல் அவர் மடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பழகுவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

2009 ஜனவரியில் சவரிராஜ் போன் செய்தார். சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்களாம். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டதாம்.

“கேம்ப்ப காலி பண்ணிட்டேன் மச்சான். சின்ன வீடு ஒண்ணு பாத்தாச்சு. ரூமுக்கு எட்டுப் பேரு குறட்ட விட்டுக் கெடந்துட்டு, இங்க ஒத்தையில தூக்கமே வரல” என்று சிரித்தார். “ஜெனிக்குத்தான் ஸ்கூல் கெடைக்கல, கெடைக்கலன்னு அலைஞ்சேன். இந்தியப் புள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல ஒண்ணாம் வகுப்புக்கு ஒரே ஒரு சீட் இருக்காம். ஏப்ரல் இருபதுக்குள்ள டி.சி. குடுக்கணும். அத மட்டும் பாத்துக்குங்க.”

ஜெனிட்டா படித்தது செல்லதுரையின் பள்ளியில்தான். மார்ச் கடைசியில் தங்கம்மாள் டி.சி. அடித்துக் கொடுத்தார். அதை நானே வாங்கினேன். என் கடையில் நானே எட்டுப் பிரதி எடுத்து, மூலத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டேன். வெளிநாட்டில் செல்லுபடியாக மூன்று அலுவலகங்களுக்கு அலைந்து முத்திரை வாங்கி, சவரிராஜுக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் எண்ணில் இருந்த தேதியைச் சரிபார்த்தேன், பெயரைச் சரிபார்த்தேன், அப்பா பெயரைச் சரிபார்த்தேன். வார்த்தைக் கட்டத்தைப் படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை. அந்தப் பள்ளியிலிருந்து அதற்கு முன்னால் எத்தனையோ குழந்தைகள் ட்வென்ட்டி ஒன், ட்வென்ட்டி டூ என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பள்ளியும் கேட்டதில்லை.

மஸ்கட்டில் கேட்டார்கள்.

ஏப்ரல் பதினாறு. நான் கடையில் இருந்தேன். அனிட்டாவும் டிக்கெட் விஷயமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சவரிராஜ் குரல் இறங்கிப் போயிருந்தது.

“மச்சான், டி.சி.ய வாங்க மாட்டேங்குறாங்க. நம்பர்ல ரெண்டாயிரத்து மூணுன்னு இருக்கு, எழுத்துல ஃபிஃப்த் ஃபெப்ரவரி ட்வென்ட்டி த்ரீன்னு இருக்காம். வயசத் திருத்துறதுக்குப் பண்ண போர்ஜரியா இருக்கும்னு சொல்றாங்க. புதுசா எல்லா முத்திரையோடயும் கொண்டாங்கறாங்க.”

ட்வென்ட்டி த்ரீ என்ற சொல் காதில் விழுந்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் திரையில் அதே சொல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தவன் நான். அனிட்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சுண்ணே?”

“ஆபீசுல தப்பா அடிச்சிருக்காங்க” என்றேன்.

சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பொய் சொன்னால்கூட அவ்வளவு சரளமாக வந்திருக்காது.

இருவரும் பள்ளிக்குப் போனோம். செல்லதுரை நான் கொண்டுபோன பிரதியைப் பார்த்ததும் தங்கம்மாளைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே கத்தினார். தங்கம்மாள் அதை வாங்கிப் பார்த்தார்.

“நான் நம்பர மட்டுந்தான் சார் அடிப்பேன். எழுத்து அதுவா வருது. தம்பியக் கேளுங்க, அவருதான் செஞ்சு குடுத்தாரு.”

செல்லதுரை என் பக்கம் திரும்பினார். “என்ன ஜோசப், மிஷினு தப்பு பண்ணுமா?”

அந்த அறையில் நாலு பேர் இருந்தோம். அனிட்டா அழுதுகொண்டிருந்தாள். ஆமாம் சார், என் தப்புதான் என்று சொல்லியிருந்தால் செல்லதுரை என்னைத் திட்டியிருப்பார், அனிட்டா இரண்டு நாள் முகம் கொடுத்திருக்க மாட்டாள், அதோடு போயிருக்கும். ஆனால் அந்த ஊரில் எனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அமெரிக்கா போகாவிட்டாலும் ஜோசப் மூளைக்காரன் என்ற பேச்சு. அதைக் கைவிட என்னால் முடியவில்லை.

“கம்ப்யூட்டர் நாம குடுக்குறதத்தான் சார் திருப்பிக் குடுக்கும்” என்றேன்.

தங்கம்மாள் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யோசிக்கிற முகம் அது. அந்த வாரமே செல்லதுரை அவரை வேலையை விட்டு நிறுத்தினார். மே மாதம் அவர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் வைரஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு சனிக்கிழமை அந்தக் கணினியில் உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். குறிப்பு வரியையும் அழித்தேன்.

புது டி.சி. மூன்று முத்திரையும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர ஐந்து வாரம் ஆனது. சீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் பார்க்கலாம் என்றார்களாம்.

அனிட்டா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவிழ்க்க மனமில்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“படிப்பு ஒரு வருசம் கெட்டா கெட்டுட்டுப் போவட்டும்ண்ணே. நான் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவரு அங்க ஒத்தையில சமைச்சுத் தின்னுக்கிட்டு, போன்ல பேசுறப்பல்லாம் இருமுறாரு.”

“பைத்தியமா உனக்கு? ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு வருஷம் போனா கடைசி வரைக்கும் பின்னாடியே நிக்கும். ஒரு வருஷம்தான, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்றேன்.

சவரிராஜும் அதையேதான் சொன்னார். நான் அவரிடம் முதலிலேயே பேசிவைத்திருந்தேன். அனிட்டா பெட்டியை அவிழ்த்தாள். அதிலிருந்து எடுத்த புதுத் துணிகளை ஜெனிட்டாவுக்குச் சாதாரண நாளிலேயே போட்டுவிட்டாள். அடுத்த வருடத்துக்குள் சின்னதாகிவிடும் என்றாள். எனக்கு அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஏப்ரல் வந்து அவள் விமானம் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், எதற்குச் சொல்ல வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நவம்பரில் சவரிராஜ் இறந்துபோனார்.

வியாழன் வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை என்று சாயங்காலம் போய்க் கதவை உடைத்திருக்கிறார்கள். சமையல் கட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தாராம். மாரடைப்பு. வலி வந்த பிறகும் பல மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது, யாராவது கூட இருந்து தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகக் கூட வேலை பார்த்தவர் போனில் சொன்னார். கேம்ப்பில் இருந்திருந்தால் எட்டுப் பேரில் ஒருவராவது விழித்திருப்பார். அனிட்டாவுக்காகவும் ஜெனிட்டாவுக்காகவும் எடுத்த வீட்டில் அவர் தனியாகக் கிடந்து செத்தார். அந்தப் போனை எடுத்தவன் நான். அனிட்டாவிடம் போய்ச் சொன்னவனும் நான்தான்.

உடல் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அன்றைக்கு மழை விட்டு விட்டுப் பெய்தது. வாசல் வரை சம்பா வயல் தண்ணீர் ஏறியிருந்தது. பந்தலில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. ஜெனிட்டாவைத் தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “அப்பா எப்ப எந்திரிப்பாங்க?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பெண்கள் அழுதார்கள். அனிட்டா அழவில்லை, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணி இருக்கும். தோளில் பையோடு தங்கம்மாள் வந்தார். திருப்பூரிலிருந்து நேராக வருகிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. இளைத்துப் போயிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அனிட்டாவின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன மன்னிச்சிரு தாயீ. என் கையாலதான் உன் குடும்பம் போச்சு.”

அனிட்டா காலை இழுத்துக்கொண்டாள். “ஒரு தேதிய ஒழுங்கா அடிச்சிருந்தா நான் இவருகூட இருந்திருப்பேங்க்கா. ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பேன்.”

“அன்னிக்கு நான் நம்பரத்தான் அடிச்சேன்னு வாயடிச்சேன். அங்க போயி மிஷினு முன்னால உக்காந்து நெனச்சு நெனச்சுப் பாத்தேன். எங்கயோ கட்டையத் தப்பாத் தட்டியிருக்கேன் தாயீ. படிச்சவங்க சொன்னா பொய்யா இருக்குமா?” தங்கம்மாள் தன் கன்னத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டார்.

செய்யாத தப்பைச் செய்ததாக நம்பிக்கொண்டு ஒரு மனுஷி ஏழு மாதம் இருந்திருக்கிறார். அவரை நம்ப வைத்த நான் பக்கத்தில் குடையோடு நின்றுகொண்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, எந்திரிங்க. நீங்க சரியாத்தான் அடிச்சீங்க. தப்பு என்னோடது. நான் எழுதினதுலயே இருந்துச்சு” என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் என்னென்னவோ சொன்னேன். வருடத்தை நடுவில் வெட்டினேன் என்றேன், பூஜ்யத்துக்கு ஒன்றும் எழுதாமல் விட்டேன் என்றேன். சாவு வீட்டில் ஒருவன் நின்றுகொண்டு பூஜ்யம், பாதி என்று உளறினால் யாருக்குப் புரியும்? தங்கம்மாள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாந் தம்பி. எனக்காவ நீங்க பழிய ஏத்துக்காதீங்க. பெரிய மனசு உங்களுக்கு.”

“என்ன மனசு பாரு அந்தப் புள்ளைக்கு” என்று யாரோ ஒரு கிழவர் பின்னால் சொன்னார். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபத்தைத் தொடங்கினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவ்வளவு பேர் என்னை நல்லவன் என்று நினைத்த நேரம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது. அதைப்போல ஒரு அசிங்கத்தை நான் அனுபவித்ததும் கிடையாது. நிமிர்ந்தபோது அனிட்டா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைய நாலு மணி ஆகிவிட்டது. கொல்லைப்புறப் படியில் அனிட்டா உட்கார்ந்திருந்தாள். நானும் போய் ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன். மழை நின்றிருந்தது. தவளைச் சத்தம் காதைத் துளைத்தது.

“காலையில சொன்னது நெசமாண்ணே?”

“ஆமா.”

“அத எழுதறப்பவே தெரியுமா?”

“தெரியும். நான் இங்க இருக்க மாட்டேன்னு விட்டுட்டேன்.”

“அவரு போன் பண்ணப்ப?”

“தெரியும்.”

“நான் போறேன், போறேன்னு சொன்னப்ப?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அனிட்டா தண்ணீர் தேங்கிக் கிடந்த கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“அப்பறம் சரி பண்ணிட்டியா அத?”

“பண்ணிட்டேன்.”

“சரி பண்ண எவ்வளவு நேரமாச்சு?”

ஒரு நாள் முழுக்க ஆனது என்று சொல்லலாமா என்று ஒரு நொடி மனசு ஓடியது. அப்போதுகூட ஓடியது.

“நாலு நிமிஷம்” என்றேன்.

அவளுக்கு மூச்சு ஒருதடவை பெரிதாக வந்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டிலிருந்து இட்லி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஜெனிட்டா தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தேடி வந்தாள். அவளுக்குப் பெரும்பாலும் நான்தான் ஊட்டிவிடுவேன். “மாமா, ஊட்டு” என்றபடி என்னை நோக்கி வந்தாள்.

“ஜெனி, இங்க வா. மாமாகிட்ட போவாத” என்றாள் அனிட்டா.

பிள்ளை தட்டோடு நடுவில் நின்றாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“ஏம்மா?”

அனிட்டா தட்டை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைக்கு ஊட்டத் தொடங்கினாள்.